அட்டை மாற்றிய குற்றம்

அட்டையில் கத்தி இருக்கவேண்டும்.
கத்தி இல்லையென்றால் ஒரு கையுறை,
போகட்டும், பாதி திறந்த கதவாவது.
ஆரோக்கியநாதன் புத்தகம் எடுக்கும் முறை அது.

பட்டவொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
பன்னிரண்டு மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள்,
ஒரு கப்பல் போய் இன்னொன்று வரும் இடைவெளியில்
வாரத்துக்கு மூன்று கொலை.
வெள்ளிக்கிழமை ஃபெர்ரி ஏறி வருவார்.
சவ்ராஸ்தா மார்க்கெட் படியில் கால் வைக்கும்போதே
"பொணம் ஏதும் வந்திருக்கா?" என்று குரல் வரும்.
கீழே ஜாதிக்காய் வாங்கும் சீனத்துப் பெண்மணி
தமிழ் தெரியாத புண்ணியத்தில்
சிரித்துவிட்டுப் போவாள்.

ஏழு வருடத்தில் என் கடையின் பிணங்கள் தீர்ந்தன.
சிலவற்றை இரண்டாம் முறை வாங்கிப்போய்
மறந்துபோன கொலைகாரனை மறுபடி பிடித்தார்.

சொல்லிப் பார்த்தேன்.
"இதை எடுங்களேன். மலையூர் ஒன்று, ஒரு தபால்காரர்…"
"யார் சாகுறா?"
"யாரும் இல்லை. மழை பெய்கிறது."
"மழையை நான் வெளியில பாத்துக்கறேங்க."

அன்றிரவு பசை எடுத்தேன்.
கரையான் உள்ளே தின்று தீர்த்த ஒரு நாவலின் அட்டை,
அலறும் வாய், சிவப்பு விளக்கு, கத்தி,
பதமாக உரித்து
தபால்காரருக்குப் போர்த்திவிட்டேன்.
இரண்டு வெள்ளி ஐம்பது காசு.
பொய்க்குத் தனியாக ஒன்றும் வாங்கவில்லை.

அடுத்த வாரம் அவர் வரவில்லை.
அதற்கடுத்த வாரமும்.
ஒரு வாசகரைக் கொன்றுவிட்டேன் என்று
பழைய நாள்காட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வெள்ளி, மேசைமேல் புத்தகம் விழுந்தது.
"நாப்பதாம் பக்கம் வரைக்கும் ஒருத்தனும் சாகல.
சரி, எழுதினவன் மெதுவான ஆளு போலன்னு விட்டேன்.
அந்தத் தபால்காரன் ஒரு கடுதாசியைக் குடுக்காம
பையிலயே வச்சிருக்கான் பாருங்க, அவன்மேல ஒரு கண்ணு.
அப்புறம் பொண்டாட்டி. ரெண்டு கோப்பை தே கலக்குறா,
ஒண்ணுல மட்டும் சீனி போடல. ஏன்?"

நான் எத்தனையோ முறை படித்த புத்தகம்.
அந்தச் சீனியை
ஒருமுறைகூடக் கவனித்ததில்லை.

"கடைசியில் யாரைப் பிடித்தீர்கள்?"
"மழையைத்தான் சந்தேகப்பட்டேன்.
முந்நூறு பக்கமும் எல்லார் வீட்டுக்குள்ளயும்
அதுதானே போய் வந்துகிட்டிருந்துச்சு."
பேச்சை நிறுத்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
"ஒரு கண்டெய்னரை ரெண்டு நிமிஷம்
அந்தரத்துலயே விட்டுட்டேங்க.
கீழேருந்து மலாய்ல திட்டுறான்."

பிறகு அட்டையை விரலால் தட்டினார்.
"பசை புதுசு. மொத நாளே மோப்பம் புடிச்சிட்டேன்.
யார்கிட்ட?"

பையிலிருந்து ஒன்றை எடுத்தார், செங்கல் கனம்,
அட்டையில் கையுறை.
"இப்ப உங்க மொற."

கவிதை தவிர வேறெதுவும் வீட்டுக்குக் கொண்டுபோகாதவள் நான்.
கொலைக்கதை என்றால் தூசி தட்டுவேன், விலை எழுதுவேன்,
பெயரைக்கூடப் படிக்கமாட்டேன்.
அது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

செவ்வாய் இரவு, புலாவ் தீக்குஸ், நான்காம் மாடி.
சும்மா இரண்டு பக்கம் என்று பிரித்தது.
சட்டியில் சம்பல் கருகி, பக்கத்து வீட்டார் கதவைத் தட்டி,
நான் "ஒன்றுமில்லை" என்று கத்தி,
மணி மூன்று.
மருத்துவரா, மருமகளா, காரோட்டியா?
எல்லாரும் கூடத்தில் கூடிவிட்டார்கள்.
துப்பறிகிறவர் தொண்டையைச் செருமினார்.

கடைசித் தாள் இல்லை.

கிழிந்ததல்ல. அடிக்கோல் வைத்து
நிதானமாக வெட்டியது.
அந்த இடத்தில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு:
"வெள்ளிக்கிழமை கொண்டாறேன்.
அதுவரைக்கும் மழையப் பாத்துக்கிட்டிருங்க."

சன்னலைத் திறந்தேன்.
ஒரு சொட்டு இல்லை.
திட்ட யாருமில்லாத அறையில் நன்றாகத் திட்டிவிட்டு
முதல் பக்கத்துக்குத் திரும்பினேன்,
யாருடைய கோப்பையில்
சீனி இல்லை என்று பார்க்க.